மூத்தவனுக்கு வைக்கும் பெயர்

கல்லர்னெஸ், நார்த்தம்பர்லாந்து
19 நவம்பர் 1917

மருமகள் ஹெஸ்டருக்கு,

நம் பையன் பெல்ஜியத்துப் போர்முனையில் விழுந்துவிட்டான் என்று நீ கொடுத்த தந்தி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அவனைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அதனால் உன்னைப் பற்றி எழுதுகிறேன்.

நீ இங்கே வந்துவிடு. லீட்ஸில் புகையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இங்கே மீன் இருக்கிறது, அடுப்புக்குக் கரி இருக்கிறது, உன் மாமியார் படுத்திருந்த கட்டில் சும்மா கிடக்கிறது. உனக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த கதை. அவன் படகை விட்டுவிட்டு உன் பின்னால் வந்தபோது நான் என்ன பேசினேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. அந்தச் சண்டையைப் பிள்ளை பிறந்த பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஜனவரிக் கடைசியில் பிறக்கும் என்று அவன் எழுதியிருந்தான். பையன் என்றால் என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் உன் புருஷனுக்கும் என்ன பெயரோ அதுதான். இந்த வீட்டில் மூத்தவனுக்கு வேறு பெயர் வைத்ததில்லை. ஆனால் கோவிலில் பாதிரியார் தண்ணீர் ஊற்றிச் சொல்லும்வரை அதை நாம் யாரும் வெளியே விடக் கூடாது. முன்னாலேயே சொன்னால் பிள்ளை தங்காது. படகில் ஏறிவிட்டால் சேற்றில் புரண்டு உறுமுகிற அந்த மிருகத்தின் பெயரைக்கூட நாங்கள் சொல்ல மாட்டோம். அதுதான், உங்கள் ஊரில் காலையில் வறுத்துத் தின்பீர்களே, அது. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள், ஆனால் கடிதத்தில் அந்தப் பெயரை எழுதிவைக்காதே. நானும் கீழே குடும்பப் பெயரை மட்டும்தான் போடுகிறேன்.

ரயில் செலவுக்கு நான் அனுப்புகிறேன். எந்த வண்டி என்று மட்டும் எழுது.

உன் மாமனார்,
ஆர்ச்போல்ட்


ஹன்ஸ்லெட், லீட்ஸ்
2 டிசம்பர் 1917

மாமா அவர்களுக்கு,

கூப்பிட்டதற்கு நன்றி. நான் வரவில்லை. பிரசவத்துக்கு இங்கே திருமதி அக்ராய்ட் இருக்கிறார். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவைதான். தையற்கூடத்தில் இன்னும் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறேன். அவர் போய்விட்டார் என்று காகிதம் வந்த மறுநாளும் அதைத்தான் போட்டேன். வேறு வேலை இல்லை, என்ன செய்வது?

பெயர் விஷயத்தில் உங்களைக் காத்திருக்க வைக்க விரும்பவில்லை. என் பிள்ளைக்கு நான் அந்தப் பெயரை வைக்கப் போவதில்லை. வைக்கப் போவதில்லை என்பதால் எழுதினாலும் குற்றமில்லை: கத்பர்ட். பாருங்கள், எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. பையன் பிறந்தால் என் அண்ணன் பெயரை வைத்து ஹரால்ட் என்று கூப்பிடுவேன்.

காரணம் கேட்காதீர்கள். சொன்னால் உங்களுக்குத் தாங்காது. உங்களுக்கு ஒத்துப்போகாத மருமகள் எழுதுகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர்


கல்லர்னெஸ்
16 டிசம்பர் 1917

ஹெஸ்டருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். பிறகு இதற்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது என்று தோன்றியது.

ஹரால்ட் என்ற பெயரில் எனக்கு விரோதம் இல்லை. இங்கே மீன் வாங்க வருகிற வியாபாரி ஒருவனுக்கு அந்தப் பெயர். எடையில் ஏமாற்றுவான். அது போகட்டும். நீ எதை வேண்டாம் என்று தள்ளுகிறாய் என்று தெரிந்துகொண்டு தள்ளு.

என் வாசலில் நின்று பார்த்தால் கடலுக்குள் அந்தத் தீவு தெரியும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் கத்பர்ட் என்கிற துறவி தனியாகப் போய் உட்கார்ந்தது அங்கேதான். துறவியைத்தான் சொல்கிறேன், பிள்ளையை அல்ல, அதில் குற்றமில்லை. இரவெல்லாம் கழுத்தளவு கடலில் நின்று ஜெபித்துவிட்டுக் கரையேறுவாராம். நீர்நாய்கள் பின்னாலேயே வந்து அவர் பாதத்தை ஊதி ஊதிச் சூடாக்குமாம். அந்தத் தீவில் முட்டையிடுகிற வாத்துகளை யாரும் தொடக் கூடாது என்று அவர் சொல்லிவைத்தார். இன்றைக்கும் அவை எங்களுக்குக் கத்பர்ட்டின் வாத்துகள்தான். வடக்கேயிருந்து கொள்ளைக்காரர்கள் கப்பலில் வந்தபோது சீடர்கள் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தார்கள். இந்தச் சீமையில் பையன்களுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். லண்டன் கடையில் பார்த்து எடுத்த பெயர் இல்லை இது.

எங்கள் பாதிரியார் படித்தவர். அதற்கு அர்த்தமும் சொல்லியிருக்கிறார். நம் பழைய பாஷையில் அது இரண்டு சொல்லாம். ஒன்றுக்குப் பேர்பெற்றவன் என்று அர்த்தம், இன்னொன்றுக்கு ஒளி. பேரும் ஒளியும் சேர்ந்தவன். நான் சின்னப் பையனாக இருக்கும்போது மீன் துறையில் நின்று கத்பர்ட் என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் நெட்டைக் கத்பர்ட், நண்டுக் கத்பர்ட், கிணற்றடிக் கத்பர்ட் என்று அடைமொழி போட்டுக் கூப்பிட்டோம். எனக்கு மட்டும் அடைமொழி கிடையாது. பெயரோடு சேர்ந்து அந்த மரியாதையும் என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது.

என் மகனுக்குப் போருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பீரங்கிக் குண்டு செய்கிற தொழிற்சாலையில் இருந்தான், அரசாங்கமே விலக்குக் கொடுத்திருந்தது. இருந்தும் எழுந்து போனான். நான் படகில் ஏறச் சொன்னபோது அலை ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்தியெடுத்தவன்தான், குண்டு விழுகிற இடத்துக்குத் தானாகப் போனான். அதைக் கேட்ட அன்றைக்கு மதுக்கடையில் எல்லாருக்கும் நான் வாங்கிக் கொடுத்தேன். பெயருக்கு ஏற்ற பிள்ளை என்று நெட்டைக் கத்பர்ட் என் முதுகில் தட்டினான். அந்தப் பெயரையா என் பேரனுக்குக் கிடையாது என்கிறாய்?

காரணத்தை எழுது. தாங்குமா தாங்காதா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆர்ச்போல்ட்


ஹன்ஸ்லெட்
6 ஜனவரி 1918

மாமா,

கேட்டுவிட்டீர்கள். மதுக்கடையில் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று படித்த பிறகு எழுதாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

போன வருஷம் வசந்தத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றில் கேலிப்படம் போட ஆரம்பித்தார்கள். போருக்குப் போகாமல் வேலையைக் காட்டித் தப்பிக்கிற ஆண்களைப் பயந்தாங்கொள்ளி முயல்களாக வரைந்தார்கள். பொந்துக்குள்ளிருந்து காது மட்டும் தெரியும். அந்த முயலுக்கு அவர்கள் வைத்த பெயர் கத்பர்ட். ஏன் அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது. தெற்கே இருக்கிறவர்களுக்கு அது சீமான் வீட்டுச் செல்லப் பிள்ளையின் பெயர் மாதிரி கேட்கிறதாம். உங்கள் வாத்தும் நீர்நாயும் அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஒரு மாதத்தில் அது லீட்ஸுக்கு வந்துவிட்டது. கோட்டும் தொப்பியுமாக எந்த வாலிபன் போனாலும் தெருப் பிள்ளைகள் பின்னால் நின்று கத்பர்ட் என்று கத்தும். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். என் புருஷனுக்கு மட்டும் அது உண்மையிலேயே பெயர். தன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பினால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகிய கழுத்து, அவர் என்ன செய்வார்?

தொழிற்சாலையில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் காரட் போட்டு வைத்தார்கள். அதை மட்டும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். குழம்பில் போடு, காசு மிச்சம் என்றார். அதற்கடுத்து ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் டிராமில் போனோம். எதிரே கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள் இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் யோசிக்காமல், "கத்பர்ட், டிக்கெட் எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவரைத் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, போருக்குப் போகாத கோழைகளுக்குக் கொடுக்கிற வெள்ளை இறகு ஒன்றை அவர் மடியில் வைத்தாள்.

"கட்டினவளே அப்படித்தான் கூப்பிடறா. நான் வேற என்ன சொல்லட்டும்?" என்றாள்.

அவர் அது தன் பெயர் என்று சொல்லியிருக்கலாம். விலக்குப் பெற்றவர் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த, சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையைக் காட்டியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. இறகைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திங்கட்கிழமை வில்லையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஆளெடுக்கிற இடத்துக்குப் போனார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை.

"எம் புள்ளைக்கும் இதே பேருதான் வரும், ஹெஸ்டர். அவன் பின்னாடியும் கத்துவானுங்க. நான் போனாத்தான் அது நிக்கும்" என்றார்.

நின்றதா? அவர் செத்த பிறகும் இந்தத் தெருவில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேற்றுக்கூடக் கேட்டேன். அவர் தைரியத்தால் போகவில்லை மாமா. வெட்கத்தால் போனார். நீங்கள் கொடுத்த பெயர் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அதை இன்னொருவனுக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

ஹெஸ்டர்


கல்லர்னெஸ்
21 ஜனவரி 1918

ஹெஸ்டருக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் பத்திரிகை வாங்குகிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆள் இல்லை. இந்த வட்டாரத்திலேயே போன வருஷத்திலிருந்து ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் வைக்கவில்லை என்றார். கிணற்றடிக் கத்பர்ட்டின் பேரனுக்குக்கூட எர்னஸ்ட் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கிழவன் என்னிடம் மூச்சு விடவில்லை.

பெயரைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். எங்கேயும் முழுப் பெயரைக் கையெழுத்துப் போடுவதற்கே கை வரமாட்டேன் என்கிறது.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வரும். அந்தத் துறவியின் மணிகள் என்று சொல்வோம். நடுவில் துளையுள்ள கல் மணிகள். புயலுக்குப் பிறகு தீவுக் கரையில் ஒதுங்கும். உன் புருஷன் ஆறு வயதில் பொறுக்கியவை. நூலில் கோத்துத் தொட்டிலில் கட்டு. வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

ஆர்ச்போல்ட்


ஹன்ஸ்லெட்
3 பிப்ரவரி 1918

மாமா,

பையன். புதன்கிழமை பிறந்தான். சின்னதாகத்தான் இருக்கிறான், ஆனால் உங்கள் நெற்றி, உங்கள் முறைப்பு. திருமதி அக்ராய்ட் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு இது, கடன் வசூலிக்க வந்த மாதிரி பாக்கறான்?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன்.

மணிகள் வந்தன. தொட்டிலில் கட்டியிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதில் கண் தெரியாது என்று திருமதி அக்ராய்ட் சொல்கிறார். எனக்குத் தோன்றுவதை அவர் ஏன் கெடுக்க வேண்டும்?

கொஞ்சம் மூச்சு இரைக்கிறது. இங்கே பனியும் புகையும் ஒன்றாக இறங்கி ஜன்னலைத் திறக்க முடியவில்லை. வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் வரிசையில் நிற்க அண்டை வீட்டுப் பெண்தான் போகிறாள். கோவிலில் 24ஆம் தேதி ஞானஸ்நானத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஈஸ்டர் கழிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறேன். நீங்கள் சொன்ன கட்டில் இன்னும் சும்மா கிடக்கிறதா?

உங்களிடம் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது உண்மைதான், அதைத் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனால் அதைத் தனியாகப் படித்தீர்களே என்று இப்போது கஷ்டமாக இருக்கிறது.

ஹெஸ்டர்


கல்லர்னெஸ்
12 பிப்ரவரி 1918

என் பெண்ணே,

இதை உடனே படி. படித்த கையோடு நான் சொல்வதைச் செய்.

பனியால் தாமதமாகி இன்று உன் கடிதம் வந்தபோது மீன் துறையில் வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தான். முதல் வரியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு, "பேரன் பொறந்துட்டான்டா! அடுத்த கத்பர்ட் வந்துட்டான்!" என்று துறை முழுவதும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

ஒருவனும் கை தட்டவில்லை. நெட்டைக் கத்பர்ட் கையிலிருந்த வலையை விட்டுவிட்டு, கேடு அணுகாமல் இருக்க நங்கூரத்தின் இரும்பைத் தொட்டான். மற்றவர்களும் தொட்டார்கள்.

"இன்னும் தண்ணி ஊத்தலையேப்பா. இப்படிச் சொல்லிட்டியே" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னிடம் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவன் நான். அந்தப் பெயர் வேண்டாம் என்று நீ எழுதியதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாழ்நாள் முழுக்க நாக்கில் இருந்த பெயர், மகிழ்ச்சியில் அதுவாக வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மூச்சு இரைக்கிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

நீ இதையெல்லாம் நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். ஆனால் நீயே முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், வைக்கப் போகாத பெயரைச் சொன்னால் குற்றமில்லை என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரை அவனுக்கு வைக்காமல் விட்டால், நான் கத்தியது வேறு யாரையோ என்று ஆகிவிடும். வந்த கேடு முகவரி தெரியாமல் திரும்பிப் போகும். அதனால் வைக்காதே. எந்தக் காரணத்துக்காகவும், என் மேல் இரக்கப்பட்டுக்கூட வைக்காதே. ஹரால்டும் வேண்டாம், அதையும் நீ எழுதிவிட்டாய். யாரிடமும் சொல்லாத ஒரு பெயரைப் பார்த்துவை. எனக்கும் எழுதாதே. ஈஸ்டருக்கு வரும்போது தெரிந்துகொள்கிறேன்.

இந்த வீட்டில் அது என்னோடு முடியட்டும். இன்றைக்கு வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று கிழவர்கள் திரும்புவோம், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பையன் இருந்தால் போதும்.

கட்டில் சும்மாதான் கிடக்கிறது. பக்கத்தில் தொட்டிலை இறக்கி வைத்திருக்கிறேன்.

மாமா


ஹன்ஸ்லெட், லீட்ஸ்
12 பிப்ரவரி 1918

மாமா,

உங்கள் பேரன் இன்று காலையில் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பால் குடிக்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நேற்று மாலை விரல் நுனியெல்லாம் நீலமாகிவிட்டது. பாதிரியாரைக் கூட்டிவர ஆள் போனது. அவர் வந்து சேரும்வரை தாங்காது என்று திருமதி அக்ராய்ட் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாமாம், கர்த்தர் ஏற்றுக்கொள்வாராம். என் தேநீர்க் கோப்பையைக் கழுவி அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேரச் சொல்லும்மா. சீக்கிரம்" என்றார்.

ஹரால்ட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது வளரப் போகிற பிள்ளைக்கு நான் யோசித்து வைத்த பெயர். பள்ளிக்கூடம் போகிறவனுக்கு, டிராமில் ஏறுகிறவனுக்கு. இவன் இந்த அறையை விட்டு எங்கேயும் போகப் போவதில்லை. இவன் பின்னால் நின்று யாரும் கத்தப் போவதில்லை, இவன் மடியில் யாரும் இறகு வைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்துபோன பிறகு, அவனுடைய அப்பாவின் பெயரை அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. கத்பர்ட் என்றேன். திருமதி அக்ராய்ட் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். தண்ணீர் பட்டதும் அவன் முறைத்தான், நீங்கள் முறைக்கிற மாதிரியே.

மணிகளை அவன் கையோடு வைத்து அனுப்புகிறேன். உங்களிடம் கேட்காமல் செய்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் வியாழக்கிழமை தையற்கூடத்துக்குத் திரும்பிப் போகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டது ஒன்றுதான், அது நடந்துவிட்டது. முறைப்படி ஞானஸ்நானம் ஆகிவிட்டது மாமா. இனிமேல் நீங்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம்.

ஹெஸ்டர்